பேர் தனோ துத்தி

சோப்பு ஃபாக்டரி வாசலில், வாட்ச்மேன் கூண்டை ஒட்டிய சுவரில், புதிதாக ஒரு பளிங்குப் பலகை பதித்திருந்தார்கள். மேலே, நீராவிக் குழாய் வெடித்துச் செத்துப்போன இத்தாலிக்கார இன்ஜினீயரின் சிரித்த முகம். கீழே தங்க எழுத்தில் அவர் கடைசியாகச் சொன்னதாக ஒரு வரி: 'எல்லாரையும் மன்னிக்கிறேன்.'

தீக்குச்சி அதை இரண்டு தரம் படித்தாள். இரண்டாம் தரம் முடிப்பதற்குள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

தீக்குச்சி என்பது போலீஸ் வட்டாரத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஆள் ஒல்லி, லேசாக உரசினால் போதும். துப்பறியும் தொழிலில் பதினாறு வருடம் ஆகியும் கோபத்தை அடக்கக் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. கூட வந்த உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர். முப்பத்திரண்டு வயது. ஆஃப் பண்ணுவதற்கு பட்டன் இல்லாமலே பெற்றுப் போட்டுவிட்டார்கள்.

"ஆள் செத்து ஒன்பது நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள பளிங்கு, தங்க முலாம்," என்றான் ரேடியோ. "ஆம்புலன்ஸ் இதுல பாதி வேகத்துல வந்திருந்தா இந்தப் பலகைக்கே வேலை இருந்திருக்காது பாஸ்."

"வாயை மூடு. மணி என்ன?"

"ஒண்ணு அஞ்சு. நாலு மணிக்குக் கையெழுத்து."

அந்த நாலு மணிதான் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. வெடித்த நேரத்தில் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இரண்டு கையும் வெந்து, இப்போது லாக்கப்பில் கிடக்கிறான். அழுத்தம் ஏறுவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்பது கம்பெனியின் குற்றச்சாட்டு. மீட்டர் முள் சரியாகத்தான் இருந்தது என்று அவன் தலையில் அடித்துச் சொல்கிறான், கேட்க ஆள் இல்லை. விசாரணை அதிகாரி நாலு மணிக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நேரே கோர்ட்டு, ஏழு வருடம் உள்ளே. அவனுடைய அக்கா அதே ஃபாக்டரியில் டெலிஃபோன் ஆபரேட்டர். 'நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனை இந்த வேலையில சேர்த்துவிட்டேன்' என்று தீக்குச்சியின் ஆபீஸில் வந்து உட்கார்ந்து அழுதது அந்த அக்காதான்.

"செத்தவர் கடைசியா போன்ல சொன்ன அந்தப் பேர், தனோ துத்தி, என்ன ஆனான்?"

"ரெண்டு நாளா நாயா அலைஞ்சாச்சு பாஸ். லாட்ஜ், கான்ட்ராக்டர் லிஸ்ட், வருகைப் பதிவு, எதுலயும் தனோ இல்ல. துத்தி மட்டும் கிடைச்சுது. அது மூலிகை. இலையை அரைச்சுக் கட்டினா மூலத்துக்கு நல்லதாம். அதுக்கு மேல தகவல் இல்ல."

தீக்குச்சி சிரிக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

ஃபாக்டரியின் கூட்ட அறையைத்தான் விசாரணைக்கு ஒதுக்கியிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் சோப்பு வாசனை. ஜன்னல் திரைகூட மணத்தது. மேஜைக்கு நடுவில் விசாரணை அதிகாரி. நேர்மையான மனிதர்தான், ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டார். மழை பெய்தாலும் யாராவது எழுதிக் கொடுத்தால்தான் குடை எடுப்பார் போலிருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஃபாக்டரி மேனேஜர், சென்ட் போட்ட கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில், ஸ்டூலின் நுனியில், ஆபரேட்டரம்மா.

மேஜைமேல் டெலிஃபோன் ரெஜிஸ்டர் விரிந்திருந்தது. அந்த ஃபாக்டரியில் வரும் செய்தியை ஆபரேட்டர் ஒரு சீட்டில் எழுதி, நேரம் போட்டு, பியூன் கையில் கொடுத்தனுப்புவார். பார்த்தவர் நேரத்தோடு சுருக்கொப்பம் போட்டுத் திருப்பியனுப்புவார். திரும்பி வந்த சீட்டை ஆபரேட்டர் உடனே ரெஜிஸ்டரில் ஒட்டிவிடுவார். ஒன்பது நாளைக்கு முந்தைய பக்கத்தில் அந்தச் சீட்டு இருந்தது. '11.12. பாய்லர் ரூம். இன்ஜினீயர் சார். பேர் தனோ துத்தி. மூணு தடவை சொன்னார்.' ஓரத்தில் மேனேஜரின் பச்சை மைக் கிறுக்கல்: '11.25.'

"இன்னொரு தரம் சொல்லுங்கம்மா," என்றாள் தீக்குச்சி. "உங்களுக்குக் கேட்டது மாதிரியே."

ஆபரேட்டரம்மா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லா இருக்கும்போது அவர் நம்ம பாஷையைத்தான் கொச்சையா பேசுவார். அன்னிக்கு அவர் பாஷையில கத்தினார். எடுத்ததும் 'பேர்'னு ஒரு அதட்டல். பேர்தனோ துத்தி, பேர்தனோ துத்தின்னு. பின்னாடி உஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். யாரோட பேரையோ சொல்றார்னு நினைச்சு, யார் சார் அதுன்னு கேட்டேன். அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு."

"சீட்டை எப்ப ஒட்டினீங்க?"

"வந்ததும் ரெஜிஸ்டர் பக்கத்துல பசையைத் தடவி, அப்படியே வச்சு ஒட்டினேன். பதினொன்றரை. விரல்ல பசை காயறதுக்குள்ள வெடிச்ச சத்தம் கேட்டுது."

மேனேஜர் சிரித்தார். சோப்பு மாதிரியே வழுக்கும் சிரிப்பு. "அதிகாரி சார், இந்த ரெஜிஸ்டரை நாங்களேதான் ஃபைல்ல வச்சோம். ஏன்னா உலகம் பார்க்கட்டும்னுதான். அவர் சொன்னது பெர்தோனோ துத்தி. மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தோட தாள் இருக்கு. எல்லாரையும் மன்னிக்கிறேன்னு அர்த்தம். ஆட்கள் பண்ணின தப்பைப் பார்த்துட்டு, அந்தப் பெரிய மனுஷன் சாகுற நேரத்துல மன்னிச்சுட்டுப் போயிருக்கார். இந்தம்மா அதைப் போய் யாரோ ஒருத்தன் பேருன்னு எழுதி வச்சிருக்காங்க! தம்பி கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்த்தான். அக்கா காதை மூடிக்கிட்டு."

ஆபரேட்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருடம் காதை வைத்தே சோறு சாப்பிட்டவரைப் பார்த்து, அதுவும் தம்பி லாக்கப்பில் கிடக்கும்போது, இப்படி ஒரு பேச்சு. தீக்குச்சிக்கு அந்தக் கைக்குட்டையை எடுத்து அந்த ஆளின் வாயிலேயே அடைக்கலாமா என்றிருந்தது. கையை எங்கேயாவது வைக்க வேண்டுமே என்று சீட்டின் மேல் வைத்தாள். கட்டைவிரலுக்கு அடியில் அரிசி முனை அளவுக்கு ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. பசைக்கட்டி என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"அவர் 'பேர்'னுதான் சொன்னார்," என்றார் ஆபரேட்டரம்மா குனிந்த தலையோடு. "மூணு தடவையும் அதே அதட்டல். எனக்குப் பாஷை தெரியாது. காது தெரியும்."

அந்த ஒரு வாக்கியம் தீக்குச்சிக்குப் போதுமானதாக இருந்தது. கம்பெனி சொல்வது நிஜமென்றால் இந்த அம்மாவின் காது பழுது. அம்மா சொல்வது நிஜமென்றால் தனோ துத்தி என்று ஒருத்தன் எங்கேயாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால்?

"அந்த மொழிபெயர்ப்பாளர் எங்க இருப்பார்?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அவர் நடத்தும் மொழிப் பள்ளி. படியேறும்போதே தடால் தடால் என்று சத்தம் கேட்டது. யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று ரேடியோ முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டான். போய்ப் பார்த்தால் அடிபட்டது மேஜை. வேலைக்கு இத்தாலி போகக் காத்திருக்கும் நர்ஸுகளும் சமையல்காரர்களுமாக இருபது பேர் பயந்துபோய் உட்கார்ந்திருக்க, குறுந்தாடி வைத்த ஒருவர் டஸ்டரால் மேஜையைப் பிளந்துகொண்டிருந்தார்.

"அவங்க பேசுறாங்க! சொல்லுங்க!"

"பர்லானோ," என்றது வகுப்பு.

தடால்! "பர்லா...னோவாம்! இழு, ரப்பர் மாதிரி இழு! நான் பேசுறேன், பார்லோ. அவன் பேசுறான், பார்லா. அவங்க பேசுறாங்க, பார்லனோ! அழுத்தம் முதல் அசையில. ஆள் கூடினா வார்த்தைக்கு வால் நீளும், அடி நகராது. பேச்சுல அடியை மாத்தி வச்சீங்கன்னா வேற வார்த்தை ஆயிடும். டாக்டர் ஒண்ணு சொல்லுவான், நீங்க ஒண்ணு பண்ணுவீங்க, நோயாளி போய்ச் சேருவான்!"

கரும்பலகை முழுக்க வார்த்தைகளைக் கோடு போட்டு அசை அசையாக வெட்டி வைத்திருந்தார். எந்த அசையில் அழுத்தமோ அதற்குக் கீழே ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் குத்துகிற குத்தில் சாக்பீஸ் ஒடிந்து தரையெல்லாம் துண்டுகள்.

"டெலிஃபோன் பண்றாங்கங்கிறதை அஞ்சு துண்டா வெட்டியிருக்கார் பாஸ்," என்று கிசுகிசுத்தான் ரேடியோ. "அதுல ரெண்டாவது துண்டுல அடியாம். நம்ம ஆபரேட்டரம்மா பார்த்தா கண்ணீர் விடுவாங்க."

தீக்குச்சி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த நர்ஸிடம் வினைச்சொல் அட்டவணைப் புத்தகத்தை வாங்கினாள். மன்னிக்கிறேன் என்ற வார்த்தையைத் தேடிக் கடைசிப் பக்க அகராதிக்குப் போனாள். வார்த்தை இருந்தது. அதற்கு எதிரே ஒன்றுக்கு இரண்டு பக்க எண்கள்.

"இதென்னம்மா, ஒரே வார்த்தை ரெண்டு இடத்துல?"

"அது ஒரே வார்த்தை இல்லைங்க," என்றாள் நர்ஸ், வாத்தியார் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "எழுத்து மட்டும்தான் ஒண்ணு. முதல் பக்கத்துல இருக்கிறது, நான் மன்னிக்கிறேன். அதுக்கு அடி நடுவுல வரும். பெர்...தோ...னோ."

"இன்னொண்ணு?"

"அது வேற வினை. அதுல இது அவங்க, அதுங்கன்னு வர்ற வடிவம். சார் சொன்ன மாதிரி அடி முன்னாடியே நிக்கும். பேர்தொனோ."

தீக்குச்சியின் முதுகு நிமிர்ந்தது. "இன்னொரு தரம் சொல்லு."

"பேர்தொனோ."

"ஆபரேட்டரம்மா!" என்றான் ரேடியோ. சத்தமாகவே சொல்லிவிட்டான், இருபது தலைகள் திரும்பின.

"அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"இழக்கிறாங்க, தொலைக்கிறாங்க. ஆளைச் சொன்னா அப்படி." நர்ஸ் விரலால் வரியைத் தடவினாள். "குழாய், டேங்க்னு வந்தா... ஒழுகுது."

"துத்தின்னா?"

"எல்லாரும். பொருளா இருந்தா எல்லாமும்."

எல்லாம் ஒழுகுது. உஸ்ஸென்று இரைகிற பாய்லர் ரூமிலிருந்து, தன் பாஷையைத் தவிர எல்லாம் மறந்துபோன ஒரு மனுஷன் மூன்று தடவை கத்தியிருக்கிறான், எல்லாக் குழாயும் ஒழுகுது, ஒழுகுது, ஒழுகுது என்று. அதைப் பளிங்கில் வெட்டி, தங்கம் பூசி, மன்னிப்பு என்று மாட்டியிருக்கிறார்கள். தீக்குச்சிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

வகுப்பு கலைந்ததும் அவள் வாத்தியாரின் மேஜைக்கு முன்னால் போய்த் தன் கார்டை வைத்தாள். அவர் கார்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாடியைத் தடவினார்.

"பெர்தோனோ, பேர்தொனோ," என்றாள் அவள். "எழுத்து ஒண்ணு, அடி வேற. பாடம் நல்லா நடத்துறீங்க."

"யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க." குரல் நிதானமாக இருந்தாலும் விரல்கள் நிற்கவில்லை. கார்டைத் திருப்பி வைத்துக்கொண்டு பென்சிலால் எதையோ எழுதிக்கொண்டே பேசினார். "மேடம், எனக்கு வந்தது டைப் அடிச்ச தாள். 'Perdono tutti', ரெண்டே வார்த்தை. எழுதும்போது அந்த வார்த்தைக்கு அழுத்தக் குறி போடுற வழக்கம் இல்ல. சாகப்போற மனுஷன் சொன்னதுன்னாங்க. நான் மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டேன். அது குத்தமா?"

"டைப் அடிச்சது யாரு? மேனேஜருக்கு இத்தாலி பாஷை தெரியாதே?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தாள் எப்ப வந்தது?"

"விபத்து முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு."

"ஆபரேட்டரம்மா எழுதின சீட்டை?"

"கண்ணாலகூடப் பார்த்ததில்ல. சத்தியமா." அவர் கார்டை அவள் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே வச்சுக்கலாம். எனக்கு அடுத்த வகுப்பு இருக்கு."

ஆள் கெட்டிதான். அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று தீக்குச்சிக்குப் பிடிபடவில்லை. தாளில் அழுத்தம் தெரியாது என்பது நிஜம்தானே? கோபத்தில் கார்டைக் கசக்கப் போனவள், பாதிப் படியில் நின்றுவிட்டாள். கட்டைவிரலைக் கார்டின் மேல் ஒரு தரம் ஓட்டினாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி ஓட்டினாள்.

"என்ன பாஸ், கார்டுக்கு ஜுரமா?"

"மேல போய் அந்த ஆளைத் தூக்கிட்டு வா."

"தூக்கிட்டா?"

"கூப்பிடு. வரலைன்னா தூக்கு. இன்னும் ஒண்ணேகால் மணி நேரம்தான் இருக்கு!"

மூன்று முப்பத்தைந்துக்குக் கூட்ட அறைக் கதவு படாரென்று திறந்தபோது, விசாரணை அதிகாரி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். பேனா மூடி கழன்று பக்கத்தில் கிடந்தது. தீக்குச்சிக்குப் பின்னால் ரேடியோ வந்தான். அவனுக்குப் பின்னால், ஸ்கூட்டரில் வந்த வேகத்தில் தாடி கலைந்து, மொழிபெயர்ப்பாளர்.

"மரியாதையா வந்துட்டார் பாஸ்," என்று ரேடியோ அதிகாரிக்கும் சேர்த்துச் சொன்னான். "அந்த நர்ஸம்மா மறுபடி ஒரு தரம் ஒழுகுதுன்னு சத்தமா சொன்னாங்க. உடனே செருப்பை மாட்டிக்கிட்டார்."

தீக்குச்சி உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு வினையையும் சொன்னாள், இரண்டு அடியையும் சொன்னாள். "ஆபரேட்டரம்மாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. தெரிஞ்சிருந்தா அவங்களும் இவரை மாதிரி ரெண்டு அர்த்தத்துல ஒண்ணை எடுத்திருக்கலாம். தெரியாததாலதான் காதுல விழுந்ததை அப்படியே எழுதினாங்க. அந்த மனுஷன் பெர்தோனோன்னு நடுவுல இழுத்திருந்தா யாருக்காவது அது 'பேர்'னு கேட்குமா? நீங்களே சொல்லிப் பாருங்க. 'பேர்'னு விழுந்துச்சுன்னா அடி முதல்ல. அடி முதல்ல இருந்தா அது மன்னிப்பு இல்ல, ஒழுகல். பாய்லர்க்காரன் மேல தப்பே இல்ல. குழாய் ஒழுகிச்சு. ஒழுகுதுன்னு சொன்னவரே அதுல செத்துட்டார்."

அதிகாரி இரண்டு வார்த்தையையும் முணுமுணுப்பாகச் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை போலும், திரும்பவும் சொன்னார். புருவம் உயர்ந்தது.

மேனேஜர் முகத்தில் சிரிப்பு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "சரி, பேச்சுக்கு ஒழுகுதுன்னே வச்சுக்குவோம். எனக்கு இத்தாலி பாஷை வருமா சார்? பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு என் மேஜைக்கு ஒரு சீட்டு வருது. பேர் தனோ துத்தின்னு இருக்கு. யாரோ பார்க்க வந்திருக்காங்கன்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டேன். அதுல என் தப்பு என்ன? அப்புறம் இவர் மன்னிப்புன்னு எழுதிக் குடுத்தார், நம்பினேன். ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்னா, போறவங்க வர்றவங்க சொல்றதுக்கெல்லாம் நாங்க ஆடணுமா? இந்தம்மா அவனோட சொந்த அக்கா. அவங்க காதுல விழுந்ததுதான் சாட்சியமா?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அவர் கேட்கிறதும் நியாயம்தானேம்மா. நீங்க சொல்றது புத்திசாலித்தனமா இருக்கு. ஆனா எனக்குக் காகிதம் வேணும்." பேனாவை எடுத்தார்.

ஸ்டூலில் ஆபரேட்டரம்மாவின் உதடு கோணிக்கொண்டு அழுகைக்குத் தயாரானது.

"காகிதம்தானே?" என்றாள் தீக்குச்சி. "குடுங்க அதை." கேட்டது மேனேஜரிடம். அவர் என்ன ஏது என்று விழிப்பதற்குள் சென்ட் கைக்குட்டை அவள் கைக்கு வந்துவிட்டது. அதிகாரியின் தண்ணீர் டம்ளரில் முக்கிப் பிழிந்து, ரெஜிஸ்டரில் அந்தச் சீட்டின் மேல் பரப்பினாள்.

"என்ன பண்றீங்க? அது அரசாங்கத்துக்குக் குடுத்த சாட்சி!" என்று எகிறினார் மேனேஜர்.

"நீங்களே ஃபைல்ல வச்ச சாட்சி. உலகம் பார்க்கட்டும்னு வச்சது. உலகம் இதுவரைக்கும் முன்பக்கம்தான் பார்த்திருக்கு."

அவள் தன் கார்டை எடுத்து அதிகாரியின் முன்னால் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கத்தில் பென்சிலால், அந்த வார்த்தை. மூன்று அசையாக வெட்டி, முதல் அசைக்குக் கீழே ஒரு புள்ளி. "மன்னிப்புன்னுதான் எடுத்துக்கிட்டேன்னு வாய் சொல்லிக்கிட்டிருக்கும்போதே இவர் கை இதை எழுதுது. சந்தேகம் வர்ற வார்த்தை எது கிடைச்சாலும், கையில இருக்கிற காகிதத்தைத் திருப்பி, அசை பிரிச்சு, புள்ளி குத்திப் பார்க்காம இவருக்கு இருப்புக்கொள்ளாது. குத்துற குத்துல முன்பக்கம் மேடு தட்டும். தடவிப் பாருங்க. மத்தியானம் அந்தச் சீட்டு மேல கை வச்சப்போ இதே மேடுதான் தட்டுப்பட்டுது. நான் ஒரு மடச்சி, பசைக்கட்டின்னு விட்டுட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை.

பசை ஊறியிருந்தது. தீக்குச்சி நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, சீட்டை மெதுவாக உரித்தாள். அவள் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை. ரேடியோகூட மூச்சு விடவில்லை. சீட்டைத் திருப்பி அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தாள்.

அதே கை, அதே பென்சில். மூன்று அசை, முதல் அசைக்குக் கீழே காகிதம் கிழியுமளவுக்கு ஒரு புள்ளி. அதற்குக் கீழே அர்த்தம்: 'எல்லாம் ஒழுகுது.'

"அம்மா," என்றார் அதிகாரி ஆபரேட்டரம்மாவிடம். இப்போது அவர் குரலே மாறியிருந்தது. "இந்தச் சீட்டை நீங்க எப்ப ஒட்டினதா சொன்னீங்க?"

"பதினொன்றரைக்கு சார்."

"வெடிச்சது?"

"பதினொண்ணே முப்பத்தஞ்சுன்னு ஃபயர் சர்வீஸ் ரிப்போர்ட்லயே இருக்கு," என்றாள் தீக்குச்சி. "அப்ப இந்தப் பென்சில் எழுத்து எப்ப எழுதினது? ஒட்டின சீட்டுக்குப் பின்னாடி போய் யாராலும் எழுத முடியாது. வெடிக்கிறதுக்கு முன்னாடியே மேனேஜர் ரூம்ல இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நாள் கழிச்சுத் தாள் வந்ததாம்! கண்ணாலகூடப் பார்த்ததில்லையாம்! சொல்லுங்க சார் வாத்தியாரே, அன்னிக்குக் காலையில எங்க இருந்தீங்க?"

"அவர் ரூம்லதான்," என்றார் மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டு. "மெஷின் மேனுவல் மொழிபெயர்க்க வரச் சொல்லியிருந்தார். சீட்டு வந்தது. இதென்ன பேருன்னு என்கிட்ட நீட்டினார். படிச்சதும் புரிஞ்சுபோச்சு. ஒழுகுதாம் சார், உடனே நிறுத்தச் சொல்லுங்கன்னு சொன்னேன். சொன்னேன் மேடம், சத்தியமா சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"லாரியில லோடு ஏறிட்டிருக்கு, லஞ்சுக்கு அப்புறம் பார்க்கலாம்னார்."

தூரத்தில் சோப்பு வெட்டும் மெஷின் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு வந்து, அதே எழுத்துக்கு வேற அர்த்தம் உண்டான்னு கேட்டார்," என்று மொழிபெயர்ப்பாளரே தொடர்ந்தார். "உண்டுன்னேன். தாளை டைப் அடிச்சதும் நான்தான். இந்த ஃபாக்டரி அனுப்புற ஆட்களாலதான் என் பள்ளிக்கூடம் ஓடுது."

"உங்க பள்ளிக்கூடம் ஓடணும்னு ஒருத்தன் வெந்த கையோட லாக்கப்புல கிடக்கணுமா?" தீக்குச்சி மேஜையில் ஓங்கி அடித்த அடியில் டம்ளர் உருண்டது. "செத்தவன் வாய்க்குள்ள கையை விட்டு, உங்களை நீங்களே மன்னிச்சுக்கிட்டீங்களேடா! அதைக் கல்லுல வேற வெட்டி வச்சீங்க! கடைசி மூச்சுல கத்தின ஒரு வார்த்தை, அதைக்கூட விட்டுவைக்கல. நாலு பேர் நல்லா இருக்கணும்னுதானே கத்தினார்? நீங்க ஓடுங்கன்னுதானே கத்தினார்?"

"பாஸ், டம்ளர்," என்றான் ரேடியோ தாழ்ந்த குரலில். அவளுக்குக் காதில் விழவில்லை.

அதிகாரி அறிக்கையின் கடைசிப் பக்கத்தை இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவால் வேகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. "பாய்லர் ஆள் மேல எந்தக் குற்றமும் இல்லைன்னு எழுதியிருக்கேன்," என்றார் ஆபரேட்டரம்மாவிடம். "ஸ்டேஷனுக்கு நீங்களே போன் போட்டுக் குடுங்கம்மா, நான் பேசறேன். இவங்க ரெண்டு பேரும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது."

ஆபரேட்டரம்மா எழுந்தார். மேனேஜரும் எழுந்துவிட்டார், வழுக்கிற குரல் போய், கை கூப்பிக்கொண்டு அவர் வழியில் வந்து நின்றார்.

"அம்மா, தெரியாம நடந்துபோச்சு. வெடிக்கும்னு கனவா கண்டேன்? நீங்க பெரிய மனசு பண்ணணும். அந்த இன்ஜினீயர் உயிரோட இருந்திருந்தா, நிஜமாவே மன்னிச்சிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன் அவர்."

ஆபரேட்டரம்மா நாற்காலியில் சுருண்டு கிடந்த மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார்.

"மன்னிக்க மாட்டேன்னு அவர் பாஷையில எப்படிச் சொல்லணும்?"

மொழிபெயர்ப்பாளர் திகைத்துப் பார்த்தார். "நோன் பெர்தோனோ."

"அடி எங்க வரணும்?"

"நடுவுல," என்றார் அவர். "தோ."

ஆபரேட்டரம்மா மேனேஜருக்கு நேராக நிமிர்ந்து நின்றார். இருபது வருடமாக அந்த ஃபாக்டரியின் எல்லா அறைகளிலும் கேட்ட, ஒரு எழுத்தும் பிசகாத அந்தக் குரலில் சொன்னார்.

"நோன் பெர்தோனோ."

"அம்மா..."

"ரெண்டு பேருக்கும்தான்," என்றார். பிறகு மேஜை ஓரத்து டெலிஃபோனின் ரிசீவரை எடுத்து, தம்பி இருக்கும் ஸ்டேஷனுக்கு லைன் போட்டார்.